கஞ்சி மட்டும் போதுமா?

நாஞ்சில் நாட்டின் பழைய சாப்பாடு கஞ்சியும் பயறும். ஒரு கிண்ணம் கஞ்சி. பக்கத்தில் தேங்காய் சேர்த்த சிறுபயறு. தொட்டுக்கொள்ளக் காணத் துவையல். (மற்ற ஊர்க்காரர்கள் காணத்தைக் கொள்ளு என்பார்கள்.)

வயதாகிறது. பல் விழுகிறது. பசி குறைகிறது. "பயறு செரிக்காது" என்று முதலில் பயறு போகிறது. பிறகு மீன் போகிறது. கடைசியில் கஞ்சியும் உப்பும்தான் மிச்சம்!

தாத்தா மெலிகிறார். பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். ஒரு நாள் குளிக்கும் இடத்தில் கால் இடறுகிறது. இடுப்பு எலும்பு முறிகிறது.

சதைக்கு வந்த வறுமை

நாற்பது வயதைத் தாண்டினால் தசை சிறிது சிறிதாகக் குறையும். அது அளவுக்கு மீறினால் நோய். அதன் பெயர் 'சார்கோபீனியா'. கிரேக்க மொழியில் 'சதையின் வறுமை' என்று பொருள். 1988-ல் அமெரிக்க டாக்டர் இர்வின் ரோசன்பர்க் வைத்த பெயர் இது.

குண்டானவர்களுக்கும் இது வரும். கொழுப்பு அதை மறைத்துவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் காட்டவேண்டும். ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019-ல் சொன்ன கணக்கு இது.

கிழவருக்குத்தான் அதிகம்!

தசையை வளர்ப்பது புரதச்சத்து. முதியவரின் தசை அதை எளிதில் ஏற்காது. ஆகவே இளைஞனைவிட அவருக்குத்தான் அதிகம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு 60 முதல் 72 கிராம்.

ஒரு கிண்ணம் கஞ்சியில் 3, 4 கிராம் இருந்தாலே அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் சிறுபயறில் 12 கிராம். குளச்சல் கடலோரத்து ஏழைகளின் மீனான சாளையில், 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம். தள்ளிவைத்த பண்டங்களில்தான் சத்து இருக்கிறது!

பல் இல்லையா? பயறை மசித்துக் கொடுங்கள். மீனை முள் எடுத்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும்.

கைத்தடியை விட்டவர்கள்

தின்றால் மட்டும் போதாது. தசைக்கு வேலையும் வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் ஒரு சோதனை நடந்தது. 90 வயதை ஒட்டிய பத்துப் பேர். டாக்டர் மேற்பார்வையில் 8 வாரம் கால்களால் எடை தூக்கினார்கள். கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. 1990-ல் முடிவு வெளிவந்தது.

அவர்களில் இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள்!