வண்டி வீட்டுக்கு எத்தனை யூனிட் பேட்டரி வேணும்? ஒரு ராத்திரிக் கணக்கு

போன மார்ச்சில் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். கோயிலை ஒட்டிய பட்டா நிலத்தில் வண்டியை நிறுத்தி ராத்திரி தங்கினோம். அங்கே கரண்ட் கிடையாது. மூணு மணி வாக்கில் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார்.

"டேய், அப்பா மெஷின் நின்னுபோச்சு பாரு" என்று அம்மா எழுப்பினார்.

அப்பாவுக்கு 74 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஏப்னியா. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷின் இல்லாமல் அவர் படுப்பதில்லை. அன்றைக்கு விடியும்வரை முதுகுக்கு நாலு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இருந்தார். திட்டவில்லை. "நீ கணக்கு போட்டுட்டுத்தானே வந்தே?" என்று மட்டும் கேட்டார்.

போட்டுக்கொண்டுதான் போனேன். அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாசம் ஆச்சு. வேனை வீடாக மாற்ற நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் வண்டி. பழைய டிராவலர் வேன், உள்ளே மூணு பேர் படுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் வண்டி அமைப்பை மாற்றக்கூடாது. கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று ஒரு தர விதியும் இருக்கிறது. அந்த ஆர்டிஓ புராணம் தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பேட்டரிக்கு நான் செலவே செய்யவில்லை. மின்வெட்டு காலத்துப் பழக்கத்தில் இன்னும் வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். அதன் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைக் கழற்றி வண்டியில் ஏற்றினேன். பன்னிரண்டை 150ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கும் கீழே இறக்கினால் ஆயுசு குறையும். ஆக, கையில் 900.

வாட்-மணி என்றதும் பயப்பட வேண்டாம். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட், நம்ம மின்வாரிய பில்லில் வரும் அதே யூனிட்தான். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகிய நமக்கு, ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் ஒரு நாளை ஓட்டுவது என்றால் என்ன என்று வண்டியில் படுத்தால்தான் புரியும்.

என் கணக்கு இது. ஃப்ரிட்ஜ் 45 வாட், கம்ப்ரசர் நாளுக்கு 8 மணி நேரம் ஓடும் என்று 360. சிபேப் 30 வாட், 8 மணிக்கு 240. இரண்டு சின்ன ஃபேன் 190. விளக்கு, போன் 50. மொத்தம் 840. கையில் 900 இருக்கிறது, 60 மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். சாஃப்ட்வேர் ஆள் இல்லையா, கூட்டல் சரியாக வந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் ஷன்ட் மீட்டர் ஒன்று வாங்கி பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் கோர்த்தேன். பிளக்கில் சொருகும் வாட் மீட்டரும் வாங்கினேன். வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, உள்ளே படுத்து, முழுசாக 24 மணி நேரம் அளந்தேன். தெருவில் எல்லோரும் வீட்டில் சண்டை என்றே நினைத்தார்கள்.

அளந்தது 1870. போட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஃப்ரிட்ஜ் 8 மணி இல்லை, 14 மணி நேரம் ஓடியது. மார்ச் வெயிலில் மூடிய வேனுக்குள், பின்பக்கம் காற்றுப் போக இடமே விடாமல் அதைப் பொருத்தியிருந்தேன். 630 போனது. சிபேப் ஊதுவதற்கு 30 வாட்தான் எடுக்கிறது, ஆனால் காற்றை ஈரப்படுத்த உள்ளே தண்ணீர் சூடாக்கும் தட்டு ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தால் சராசரி 62 வாட், எட்டு மணிக்கு 500.

நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத திருடன் இன்வெர்ட்டர். எதையும் சொருகாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே 18 வாட் தின்கிறது. நாள் பூராவும் என்றால் 430 வாட்-மணி. அப்பா மெஷினுக்கு மட்டும்தான் இன்வெர்ட்டர் தேவை. ஆனால் காலையில் ஆன் பண்ணியதை நாங்கள் அணைக்கவே இல்லை. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மெஷினின் அடாப்டர் மறுபடி 24 ஆக்குவதில் இன்னொரு 70 போனது. மீதி ஃபேனும் விளக்கும்.

இன்னொரு பக்கம், பேட்டரியில் 1800 இருக்கவும் இல்லை. அந்த எண்ணே புதுப் பேட்டரியை 20 மணி நேரம் நிதானமாகக் காலி செய்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் லெட்-ஆசிட் குறைவாகத்தான் தரும். ஜெர்மனியின் பியூக்கெர்ட் 1897இலேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். என்னுடையது வீட்டில் மூணு வருஷம் உழைத்தது வேறு. அளந்து பார்த்தால் முழுசாகக் காலி செய்தாலே 1250தான். காலை 11 மணிக்கு வண்டியை நிறுத்தியதிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் 1250 தீருகிற நேரம் சரியாக ராத்திரி மூணு. மீட்டர் பொய் சொல்லவில்லை.

இதிலிருந்து நான் கற்றது: "எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கலாம்?" என்று கடையில் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு ராத்திரி உங்கள் வண்டியில் என்னென்ன ஓடுகிறது, எது நிற்கவே கூடாது என்பதில் ஆரம்பிக்க வேண்டும்.

செலவைக் குறைப்பதை முதலில் செய்தேன், அதுதான் மலிவு. டாக்டரிடம் கேட்டு, வெயில் மாசங்களில் சூடாக்கும் தட்டை அணைத்தோம் (அவர் சம்மதிக்காமல் இதைச் செய்யாதீர்கள். மார்கழி ஓசூர்க் குளிரில் அது தேவைப்படும்). மெஷினுக்கு 12 வோல்ட்டிலிருந்து நேராக 24 தரும் கன்வெர்ட்டர் போட்டேன். ராத்திரிக்கு 265 ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் பின்னால் காற்றுவழி விட்டதும் 450. லேப்டாப்பை டிசி சார்ஜரில் போட்டு 160. இன்வெர்ட்டர் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும், 36. ஃபேனைத் தாராளமாக 12 மணி ஓட்டி 290. விளக்கு, தண்ணீர் பம்ப், போன் 80.

மிக்சியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தினார்கள், 750 வாட்டாச்சே என்று. ஐந்து நிமிஷம் சட்னி அரைத்தால் 62 வாட்-மணிதான். அந்த நேரத்தில் இழுக்கும் வேகத்தை இன்வெர்ட்டர் தாங்க வேண்டும், அவ்வளவுதான். வாட் வேறு, வாட்-மணி வேறு. ஏசி அப்படி இல்லை. சராசரி 600 வாட் என்று வைத்தாலும் எட்டு மணிக்கு 4800. இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு மணிக்கே 1500. இரண்டையும் விட்டுவிட்டேன். சமையல் கேஸில்தான், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

மொத்தம் 1350 சொச்சம்.

அடுத்து, எத்தனை நாள்? கூரையில் 400 வாட் சோலார் பேனல். நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம், அதில் சூடு, தூசி, படுத்த நிலையில் வைத்த நஷ்டம் போக 1400 கிடைக்கும். வெயில் நாளில் எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை ஓசூர் வானம் மூடிக்கொள்ளும் நாட்களில்தான் 450 தேறுவதும் கஷ்டம். அன்றைக்கு 900 பள்ளம். அப்படி மூணு நாள் தொடர்ந்து வந்தால் 2700. பேட்டரி அளவைத் தீர்மானிக்கிற எண் இதுதான், சராசரி நாள் கணக்கு இல்லை.

லெட்-ஆசிட்டில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 5400 வேண்டும், அதாவது மூணு டியூபுலர். 150 கிலோவுக்கு மேல் கனம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், நாம் தூங்கும் அறைக்குள்ளேயே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் எடுக்கலாம். 3.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி செல் நாலு கோர்த்தால் 3584 வாட்-மணி, அதில் 80 சதவீதம் 2867. பெட்டியோடு 30 கிலோ. இதைத்தான் போட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே ஓசூரில் செய்கிற ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் பெரிய பேட்டரி 3.7 யூனிட், கிட்டத்தட்ட இதே அளவு. டிவிஎஸ் இங்கே, ஓலா போச்சம்பள்ளியில், எக்ஸைடு பேட்டரி ஆலையும் ஓசூரில்தான். இந்த ஊரில் பேட்டரி கிடைப்பது கஷ்டமே இல்லை, நல்லதைப் பிரித்தறிவதுதான் கஷ்டம். தெரிந்த மெக்கானிக் ஒருத்தர் விபத்தான ஸ்கூட்டரின் பேக் ஒன்றைக் கால் விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வோல்ட்டேஜ் வேறு, செல் ரசாயனம் வேறு, அடிபட்ட இடம் தெரியாது. அதன் மேலேதான் அம்மா படுப்பார்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள். இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி ஆல்டர்னேட்டரை லித்தியத்தோடு நேராக இணைக்கவும் கூடாது, அது இழுக்கும் இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடலாம். நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தேன். ஒரு மணி ஓட்டினால் 400 வாட்-மணி ஏறும். கிருஷ்ணகிரி போய்த் திரும்பினால் 800, மெஷினுக்கு மூணு ராத்திரி.

கடைசியாக ஒன்று. இவ்வளவு செய்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாராவது ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாவிட்டால் அப்பா மூச்சு நிற்கும் என்ற ஏற்பாடே தப்பு. அதனால் மெஷினுக்கு மட்டும் தனியாக 50 ஆம்பியர்-மணியில் சின்ன லித்தியம் பேட்டரி. 640 வாட்-மணி, இரண்டு ராத்திரி தாங்கும். பெரியதிலிருந்து நிரம்பும், ஆனால் பெரியதுக்குத் திருப்பித் தராது. வேறு எதையும் அதில் சொருக முடியாதபடி பிளக்கையே மாற்றிவிட்டேன். முதல் பயணத்திலேயே இதைச் செய்திருந்தால் அந்த ராத்திரி நடந்திருக்காது. 1870 ஆனாலும் சரி, ஃப்ரிட்ஜில் பால்தான் கெட்டிருக்கும்.

அக்டோபரில் அதே கோயிலுக்கு மறுபடி போனோம். மூணு ராத்திரி, மூணு நாளும் மூடாப்பு, இடையில் தூறல். மூணாம் நாள் காலை மீட்டரில் 34 சதவீதம். அப்பா ஏழு மணிவரை தூங்கினார்.

நிஜத்தில் எங்களைச் சீக்கிரம் கிளம்ப வைத்தது தண்ணீர். நூறு லிட்டர் டேங்க் இரண்டாம் நாள் சாயங்காலமே காலி. கோயில் கிணற்றிலிருந்து குடம் குடமாக நான்தான் சுமந்தேன். யாருக்கு எத்தனை லிட்டர் என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி சுத்தமாகப் பிடிக்கவில்லை.