வெற்றிலைத் தட்டில் புகையிலை எதற்கு?

சிகரெட் பிடிக்கும் பெண்கள் எங்கள் பக்கம் அபூர்வம். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடும் பெண்கள் உண்டு. ஓசூர் சிப்காட் கம்பெனி வேலைக்காகத் தளி, அஞ்செட்டிப் பக்கமிருந்து குடிவந்தவர்களில் சிலரை நானே பார்த்திருக்கிறேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்சம்மா சொன்னார் என்று நிறுத்திவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் வினையே!

எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் பெண் எட்டு மாதம் அதைத் தொடவில்லை. பிரசவமாகி இருபதாம் நாள், "அக்கா, வாயெல்லாம் நமநமங்குது. ராத்திரி தூக்கமும் இல்ல" என்றாள். தாயார் இல்லாத பெண். பத்தியம் பார்த்தவர் மாமியார்தான். ஜீரணத்துக்கு என்று தினமும் வெற்றிலைத் தட்டை நீட்டுவார். அதிலேயே புகையிலையும் இருந்தால் கை போகாதா? போட்டுவிட்டாள். "வயித்துல இருந்தப்ப விட்டவளுக்கு இப்ப என்ன கொழுப்பு?" என்று அதே மாமியார் ஏசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொழுப்பு இல்லை, தோழிகளே. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கிறது. கரு நிற்க டாக்டர்கள் மாத்திரையாக எழுதித் தருவார்களே, அதேதான். நஞ்சு விழுந்த சில நாட்களிலேயே அது மளமளவென்று இறங்கிவிடும். பழைய ஏக்கம் திரும்புவதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்று, அமெரிக்காவின் மின்னசோட்டா, யேல் பல்கலைக்கழகங்களில் சிகரெட்டை விட்ட தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் இந்த ஹார்மோனையே கொடுத்துப் பார்த்தார்கள். 2016, 2017-இல் முடிவுகள் வந்தன. இரண்டுமே 50 பேர்கூட இல்லாத சிறிய ஆய்வுகள். நம்பிக்கை தெரிந்ததே தவிர, இன்னும் உறுதியாகவில்லை. அதனால் யாரும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் நிகோடின் தாய்ப்பாலில் கலப்பது உறுதி. (2013-லேயே தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. எல்லைச் சோதனைச் சாவடியில் மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்கள், பெட்டிக்கடைக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது!)

அந்தப் பெண்ணை 1800-11-2356 என்ற எண்ணில் பேச வைத்தேன். புகையிலையை விட உதவும் அரசு எண், கட்டணம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸிலிருந்து தமிழிலேயே பேசுகிறார்கள். மாமியாரிடம், "தட்டுல வெத்தலையும் சோம்பும் போதும்மா, பாக்குகூட வேண்டாம்" என்றேன். "அப்ப நான் போடறத எங்க வைக்கிறது?" என்று கேட்டார். பரண்மேல் வைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டார்.

– ஒரு வாசகி, ஓசூர்