மலையின் தீர்ப்பும் எழுபத்தைந்து ஆண்டுச் சான்றும்

தோழர்களே, காலனிய நீக்கம் என்றதும் மொழியும் பாடநூலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. காடு வருவதில்லை. வெள்ளையர் போன பிறகும் அவர்கள் இயற்றிய 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் போகவில்லை. தலைமுறைகளாகப் புழங்கிய காட்டில் விறகு எடுப்பதையும் மாடு மேய்ப்பதையும் குற்றமாக்கிய சட்டம் அது. காட்டில் பிறந்தவரை ஆக்கிரமிப்பாளர் என்றழைக்கும் துணிச்சலை அதிகாரிகளுக்குத் தந்ததும் அதுதான்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா எழுந்து, பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்பிக்க வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் வாதிட்டார். (அவரை ஹாக்கி அணித் தலைவராக மட்டும் நினைவில் வைத்திருப்போர் நம்மிலும் உண்டு.)

அந்த வாதத்தின் பொருளை 2013இல் ஒடிசாவின் நியாம்கிரி காட்டியது. மலையுச்சியில் பாக்சைட், அடிவாரத்தில், லாஞ்சிகரில், வேதாந்தாவின் அலுமினா ஆலை. டோங்ரியா கோந்து மக்களுக்கோ அது நியாமராஜாவின் மலை. மலைமீதான சமய, பண்பாட்டு உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிருக்க, மாநில அரசு 12 ஊர்களில் மட்டும் சபை கூட்டியது. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாமென்றன. பத்திரிகைகள் இதைச் சாமி மலையின் கதையாக எழுதின. அது பாதிதான். அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பித்தான் கீழே பயிரும் குடிநீரும். உச்சியைத் தொடாதே என்பது வழிபாடு மட்டுமல்ல, நீர் பற்றிய அறிவு; யார் முடிவெடுப்பது என்ற அரசியலும்கூட.

டோங்ரியா ஊர்களில் டோம்ப் என்னும் தலித் மக்களும் வாழ்கிறார்கள். வியாபாரம், கடன் தொடர்பாக இரு தரப்புக்குமிடையே கசப்பு உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பிளவைச் சட்டமும் ஆழமாக்குகிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டியல் பழங்குடியினர், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்வதைக் காட்டினால் போதும். ‘பிற பாரம்பரிய வனவாசி’ என்ற வகையில் வரும் தலித், அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 1930இல் காட்டோரச் சேரிக்கு யார் பட்டா எழுதிக் கொடுத்தார்கள்? நிலம் மறுக்கப்பட்டவரிடமே நில ஆவணம் கேட்பதைக் காலனியத்தின் தொடர்ச்சி என்றே நாம் சொல்கிறோம்.

களத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்: இச்சட்டத்தின் 13ஆம் விதி, மனுதாரரல்லாத மூத்தோரின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் சான்றாக ஏற்கிறது. காகிதம் இல்லையென்று மனுவைத் தள்ளும் அதிகாரியிடம் முதலில் அந்த விதியைப் படித்துக் காட்டுங்கள்.