ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்: தன்மதிப்புக்கு யாருடைய ஒப்புதல்?

பாடியில் சட்ட ஆலோசனை கேட்டு வந்த இளைஞர் ஒருவர், ஆதிதிராவிடர் எனும் சாதிச் சான்றிதழை மேசைமீது வைத்துவிட்டுக் கேட்டார்: "ஞானஸ்நானம் பெற்றதை வெளியே சொல்லலாமா சார்?" தானும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்ற நம்பிக்கை வந்த பிறகு, பிறர் தரும் மரியாதைக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆயினும் அந்த நம்பிக்கையை அறிவிக்க அஞ்சினார். அந்த அச்சத்திற்குச் சட்டமே காரணம்.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத மறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பட்டியல் சாதி இட ஒதுக்கீடும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை.

இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் சூசை. சென்னை அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் செருப்புத் தைத்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை வழங்க 1982இல் அரசு ஆணையிட்டபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் அவரது மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதன் கொடுமை புதிய சூழலிலும் அதே கடுமையுடன் தொடர்வதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

இந்து மதத்திற்குத் திரும்புவோருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தம் சாதிச் சமூகம் தம்மை மீண்டும் ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சான்று தர வேண்டும் என்று கே.பி. மனு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறர் ஒப்புதல் வேண்டாம் என்று நிமிர்ந்தவரை மீண்டும் பிறர் ஒப்புதலுக்கே அனுப்புகிறது சட்டம்.

மறைத்து வாழ்வதும் வழியன்று. கிறித்தவ நெறியைப் பின்பற்றிக்கொண்டே இந்து எனக் கோரிய புதுச்சேரிப் பெண்ணின் மேல்முறையீட்டை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. இந்த ஆபத்தை அந்த இளைஞரிடம் எடுத்துச் சொன்னேன். முடிவு அவருடையது.

மாற வேண்டியது 3ஆம் பத்தி. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அதனை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் இயற்றியது. இட ஒதுக்கீடு இழைக்கப்பட்ட அநீதிக்கான ஈடு. அதனைப் பெற ஒருவர் தம் நம்பிக்கையை ஒளிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.