பாயில் விதியும் மூழ்கிய கப்பலும்



வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு குறையும். இதுதான் பாயில் விதி. இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்து நாம் மறந்த இந்த விதி, கடலுக்கடியில் உயிரையே காக்கிறது!

எகிப்தை ஒட்டிய செங்கடலில் 'திசில்கார்ம்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1940-ல் கட்டப்பட்ட இக்கப்பல், போர்த் தளவாடங்களோடு நின்றபோது 1941 அக்டோபர் 6-ல் ஜெர்மன் விமானத்தின் குண்டுக்கு இரையானது. 9 பேர் மாண்டனர். அதிலிருந்த லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் இன்றும் காணலாம். அதற்காகவே பல நாட்டினர் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அங்கே இறங்குகிறார்கள். தரை சுமார் 30 மீட்டர் ஆழம்.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மேலே உள்ளதையும் சேர்த்து 4 மடங்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவானால் மேலே 120 நிமிடம் வரும். அடியிலோ 30 நிமிடம்தான்! கப்பலுக்குள் நுழைபவர்கள் அதையும் மூன்றாகப் பிரிப்பார்கள்: போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. உள்ளே வண்டல் கலங்கினால் வழியே தெரியாதல்லவா?

மேலே வருவதுதான் பெரிய கண்டம். மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். இன்னொன்று, அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் எப்படிப் பொங்குது? வேகமாக ஏறினால் உடம்புக்குள் அப்படித்தான் குமிழி கிளம்பும். அதனால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவார்கள். அடியில் அதிக நேரம் இருந்தால் அட்டவணைப்படி இன்னும் அதிகம் நிற்க வேண்டும்.

இதை நான் ஏன் எழுதுகிறேன்? எங்கப்பா தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர். படகிலுள்ள கம்ப்ரசர் டியூபைக் கடித்துக்கொண்டு இறங்குவார். சில ராத்திரி தோளும் முழங்காலும் குடையுது என்பார். அம்மா தைலம் தேய்ப்பாங்க. கடல் காத்து என்றே நினைத்திருந்தோம். எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். நோட்டில் படம் போட்டு விளக்கினேன். "இப்படி வலி வந்தா தைலம் போதாதுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைக்கணும்" என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தார். "ஏல, இது பொஸ்தகத்துலயே இருக்கா? எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

தோழர்களே, நம் புத்தகத்தில் இருப்பது பரீட்சைக்கு மட்டுமல்ல. லீவுக்குப் போகும்போது வீட்டிலும் கொஞ்சம் சொல்லுங்கள்.