எல்லார்க்கும் ஒரே விதிநூல்

கோடை விடுமுறை வந்துவிட்டால், நம் வீட்டுத் திண்ணைகளில் கேரம் பலகையைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிடுவர். கால்மணி நேரம் ஆரவாரம், அடுத்து வழக்கு. “சிவப்புக் காயைப் போட்டவன் அடுத்த அடியிலேயே இன்னொரு காயையும் போட்டாக வேண்டும்” என்பான் ஒருவன். “எங்கள் தெருவில் அப்படி இல்லையே” என்பான் மற்றவன். “என் அண்ணன் சொன்னான்” என்று மூன்றாமவன் புதிதாக ஒரு விதியைக் கொண்டுவந்து நிறுத்துவான். இவர்களுள் எவனும் பொய் சொல்லவில்லை. ஆனால், விதியை எழுத்தில் கண்டவன் அவர்களுள் ஒருவனும் இல்லை. செவிவழி வந்ததையே ஒவ்வொருவனும் சட்டமென நம்பியிருக்கிறான். முடிவில், பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மூவரும் மூன்று திசையில் போய்விடுவர்.

திண்ணை ஆட்டத்தில் இதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. மாலையில் மீண்டும் கூடிவிடுவர். ஆனால், வாரக்கணக்கில் பள்ளி முடிந்த பின்னும் உழைத்து ஒரு பொறியை உருவாக்கிய மாணவர், போட்டி நாளன்று, “நீங்கள் படித்தது பழைய விதி” என்னும் சொல்லைக் கேட்க நேர்ந்தால் அவர்தம் உள்ளம் என்ன பாடுபடும்! பள்ளி மாணவரிடையே பரவிவரும் ரோபோப் போட்டிகளில் இத்தகைய ஏமாற்றத்திற்கு இடமுண்டு. அதைத் தவிர்க்க ஒரு பெரிய போட்டி என்ன முறைகளை வகுத்துள்ளது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம். பிள்ளைகள் எந்தப் போட்டியில் சேர்ந்தாலும் அது பயன்படும்.

நாம் குறிப்பிடுவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய ‘ஃபர்ஸ்ட்’ ரோபோப் போட்டியை. டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டில் ஃபர்ஸ்ட் அமைப்பை நிறுவினார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதற்போட்டி நடந்தது. அன்று வந்தவை 28 அணிகள். இன்று பல நாடுகளிலிருந்தும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அணிகள் ஓர் ஆண்டில் பங்குகொள்கின்றன. இந்தியாவிலிருந்தும் சில அணிகள் கலந்துகொண்டதுண்டு. மும்மூன்று ரோபோக்கள் ஓரணியாகச் சேர்ந்து எதிரணியின் மூன்று ரோபோக்களுடன் மோதும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடமே. ஆண்டுதோறும் ஆட்டம் புதிது. ஆகவே விதிநூலும் புதிது. நூறு பக்கங்களைத் தாண்டும் அந்நூல் எவ்வாறு எல்லார் கைக்கும் போய்ச் சேருகிறது?

பூட்டிய நூல், பொதுச் சாவி

சனவரித் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று அவ்வாண்டின் ஆட்டம் உலகிற்கு அறிவிக்கப்படும். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே விதிநூல் இணையத்தில் வைக்கப்பட்டுவிடும். எவரும் அதைத் தம் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் திறக்க இயலாது. கடவுச்சொல்லால் அது பூட்டப்பட்டிருக்கும். அறிவிப்பு நிகழ்ச்சியின்போது அந்தச் சொல் எல்லார்க்கும் ஒரே வேளையில் வெளியிடப்படும். அந்நொடியே எல்லார் கணினியிலும் நூல் திறந்துகொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள நீதியை எண்ணிப் பாருங்கள். விரைந்த இணைய வசதி உள்ள நகரத்து அணி ஒரு நொடியில் நூலைப் பெற்றுவிடும். வசதி குறைந்த ஊரில் உள்ள அணிக்கு அதே வேலை நெடுநேரம் பிடிக்கலாம். எல்லாரும் ஒரே வேளையில் ஓரிடத்தை மொய்த்தால் எளியவரே பின்தங்குவர். ஆதலால் கனமான நூலை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, இலேசான சாவியை மட்டும் பின்னர் கொடுக்கின்றனர். அமெரிக்க மாணவர் பகலிலும் நம் நாட்டு மாணவர் இரவிலும் அந்நூலைத் திறப்பர். ஆயினும் தொடங்கும் கணம் ஒன்றே. நூலுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. போட்டியில் சேராதவரும் படிக்கலாம், பெற்றோரும் படிக்கலாம்.

எழுதியதே விதி

நூலைப் பெறுவது ஒன்று, படிப்பது வேறொன்று. எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் அந்நூலே தொடக்கத்தில் கற்பிக்கிறது. எழுதியுள்ளதை எழுதியுள்ளவாறே கொள்க. கடந்த ஆண்டு இருந்த விதியையோ நீங்களே ஊகிக்கும் நோக்கத்தையோ அதனுள் ஏற்றாதீர். மறைந்து நிற்கும் கட்டளை எதுவும் இல்லை என்பது அதன் சாரம்.

ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு. நினைவில் கொள்ள எளிதான தலைப்பும் உண்டு. ஆனால் தலைப்புக்கும் விதியின் முழு வாசகத்துக்கும் முரண்பாடு தோன்றினால், முழு வாசகமே செல்லும். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பட்டறைக்கு ஓடுகிறவர்களுக்கு இது தக்க எச்சரிக்கை. விதியின் கீழே நீலக் கட்டங்களில் விளக்கமும் எடுத்துக்காட்டும் தரப்பட்டிருக்கும். அவையும் நூலின் பகுதியே. ஆயினும் முரண் நேர்ந்தால் விளக்கம் தாழ்ந்து விதியே உயரும். தனிப்பொருள் தரும் சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகி, அவற்றின் பொருள் நூலின் இறுதியில் சொல்லடைவாகத் தரப்பட்டுள்ளது. தமிழில் பிள்ளைகளுக்கு விளக்க முற்படுவோர், அச்சொற்களை விருப்பம்போல் மாற்றிவிடாமல் அடையாளமிட்டு வைப்பது நல்லது.

மொழிபெயர்ப்புகளைப் பற்றியும் தெளிவான முடிவு உண்டு. வேற்று மொழிகளில் நூல் சில வேளை பெயர்க்கப்படுவதுண்டு. எனினும் வேறுபாடு நேர்ந்தால் அதிகாரப் பக்கத்தில் வெளியான ஆங்கில நூலே தீர்ப்பு. பார்வையற்றோரின் வாசிப்புக் கருவிகளுக்கென வெறும் எழுத்து வடிவிலும் ஒரு பிரதி தருவர். அதனை மற்றவர்க்குப் பரப்பலாகாது என்பது நிபந்தனை. உரியவருக்கு உதவி மறுக்கப்படவில்லை; அதே வேளையில் பல வடிவங்கள் உலவிக் குழப்பம் விளையவும் இடமில்லை.

பழைய பிரதியின் ஆபத்து

விதிநூல் சனவரியில் வெளிவந்ததோடு வேலை முடிவதில்லை. போட்டிப் பருவத்தில் பொதுவாகச் செவ்வாய், வெள்ளி ஆகிய நாள்களில் திருத்தங்கள் வெளிவரும். புதிதாகச் சேர்ந்தது மஞ்சள் நிறத்திலும், நீக்கப்பட்டது குறுக்குக் கோடிட்டும் காட்டப்படும். எனவே, ஒருவர் முதல்நாளன்று எடுத்த பிரதியைத் தோழர் பலருக்கும் அனுப்பிவிட்டு மறந்துவிட்டால், அவர் செய்த உதவியே பின்னர் இடறுகல் ஆகலாம். நூலைப் படி எடுத்து அனுப்புவதைவிட, அது இருக்கும் அதிகார முகவரியை அனுப்புவது மேல் என்பது இதனாலேயே.

ஆண்டு மாறும்போது ஆபத்து இன்னும் பெரிது. காப்புத் திண்டும் மின்கலமும் நீங்கலாக, 2018இல் ரோபோவின் எடைவரம்பு 120 பவுண்டு. 2019இல் அது 125 ஆயிற்று. 2025இல் 115 ஆகக் குறைந்தது. முந்தைய ஆண்டின் நூலை நம்பி 2025இல் 125 பவுண்டுக்குப் பொறி செய்த அணி ஒன்று இருந்திருந்தால், சோதனைத் தராசின் முன் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையை எங்கிருந்து வெட்டி எடுக்கும்? சோதனையில் தேறாத ரோபோ போட்டி ஆட்டத்தில் இறங்க முடியாது. அவ்வாறே, 2019 வரை குறித்த நாளில் ரோபோவைப் பையில் இட்டு முத்திரை வைக்கும் வழக்கம் இருந்தது. 2020ஆம் ஆண்டுப் பருவம் முதல் அது நீங்கியது. “முன்பு இப்படித்தான் செய்தோம்” என்னும் மூத்த மாணவரின் சொல் அன்பால் பிறந்ததே. ஆனால் அது சான்று ஆகாது.

ஐயமும் பொதுவே

விதியில் ஐயம் தோன்றினால் கேட்பதற்கு அதிகார வினா விடைப் பகுதி ஒன்று உண்டு. பதிவு செய்த அணிகளே வினவலாம். ஆனால் வினாவையும் விடையையும் எல்லாரும் காணலாம். இங்கேதான் மாணவரின் மனம் உரைத்துப் பார்க்கப்படுகிறது. ஓர் அணி அருமையான உத்தி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கும். அது விதிக்கு உட்பட்டதா என்று கேட்டால், எதிரணிக்கும் அந்த உத்தி புலப்பட்டுவிடலாம். கேளாதிருந்தால், உழைப்பெல்லாம் சோதனை நாளில் வீணாகலாம். தமக்கு மட்டும் காதோடு விடை பெறும் வழி இல்லை. இந்த வடிவமைப்பு சரியா என்று படத்தை நீட்டித் தீர்ப்புக் கேட்கவும் அங்கே இடமில்லை. விதியைக் குறித்தே வினவ வேண்டும். அவ்விடையும் நூலின் வாசகத்தை மீறிச் செல்வதில்லை.

பெரியோர் பேசாத இடம்

பெற்றோராகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி இனி வருவது. ஆட்டத்தின் தீர்ப்பில் குறை கண்டால், களத்தின் ஓரத்தில் வினாவுக்கென்று குறிக்கப்பட்ட கட்டத்தில் போய் நிற்கலாம். ஆனால் அங்கே நின்று தலைமை நடுவரிடம் பேசும் உரிமை, களத்தில் பணியாற்றும் அணியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவருக்கே உண்டு. பயிற்சி தரும் பொறியாளருக்கு இல்லை, ஆசிரியருக்கு இல்லை, தந்தைக்கும் தாய்க்கும் இல்லை. நாம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டவும் இயலாது. எவர் எடுத்த படத்தையும் தலைமை நடுவர் பார்ப்பதில்லை. விதியின் எண்ணைச் சொல்லி, நிகழ்ந்ததைச் சொல்லி, குரல் உயர்த்தாமல் வினவி, வரும் முடிவை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டும்.

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி அந்தக் கட்டத்தில் தனியே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குத் துணை அவள் படித்த விதிநூல் ஒன்றே. அவளுக்காக நாமே நூலைப் படித்துச் சுருக்கிச் சொல்லியிருந்தால், அவள் வெறுங்கையோடு நிற்பாள். அவளையே படிக்க வைத்திருந்தால், தோற்றாலும் நிமிர்ந்து வருவாள். இப்போட்டியை வளர்த்தவர்களுள் ஒருவரும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக விளங்கி 2019இல் மறைந்தவருமான உட்டி ஃபிளவர்ஸ், ‘பண்புடன் கூடிய தொழில்திறன்’ என்னும் கருத்தை இவ்வமைப்பில் பரப்பினார். கடுமையாகப் போட்டியிடுக, எதிரணியையும் மதித்து உதவுக என்பதே அதன் பொருள்.

நாம் செய்யத்தக்கவை

நம் பிள்ளைகள் இத்தகைய போட்டி எதில் சேர்ந்தாலும், முதலில் விதிநூலை நடத்துவோரின் அதிகார இடத்திலிருந்தே பெறச் செய்வோம். எந்த ஆண்டின் நூல், கடைசித் திருத்தம் எந்நாளில் என்பதை முதற்பக்கத்திலேயே குறித்து வைக்கச் சொல்வோம். வீட்டில் கணினி இல்லாத தோழர் அணியில் இருப்பின், அச்சிட்ட படி ஒன்றை அவர் கையில் சேர்ப்போம். திருத்தம் வரும்போதெல்லாம் அந்தத் தாளையும் அவர்க்குக் கொடுத்து ஒட்டச் செய்வோம். முழு நூலையும் அணியினர் கூடி, ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்டு, ஒரு முறையேனும் முடிக்கட்டும். “அப்படியாம்” என்று எவரேனும் சொன்னால், “எந்த எண்ணுள்ள விதி?” என்று அன்போடு கேட்கும் பழக்கம் வளரட்டும்.

மீண்டும் கோடை வரும். கேரம் பலகையும் திண்ணைக்கு வரும். இம்முறை ஆட்டம் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து, ஆடும் விதிகளை எழுதி, எல்லார்க்கும் வாசித்துக் காட்டிவிட்டுப் பலகையின் அருகே வைக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்போம். கடைசியாக வந்து சேர்ந்த சின்னஞ்சிறுவனும் அதை எடுத்துப் படிக்கலாம். அதன்பின் அவனை எவரும் ஏமாற்றவும் இயலாது. அவன் எவரையும் சந்தேகிக்கவும் வேண்டாம்.