தண்ணி லாரிக் கணக்கும் தாத்தா காலத்து எடிட்டரும்

அந்த சாஃப்ட்வேரின் பெயர் ஈமாக்ஸ். இருமல் மருந்து மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதன் வேலை ரொம்ப சாதாரணம். எழுத்தை அடிக்கலாம், அழிக்கலாம், சேமித்து வைக்கலாம். அவ்வளவுதான்! கொட்டை எழுத்து, பூப்போட்ட பார்டர், ஓரத்தில் ஒரு ரோஜா என்றெல்லாம் ஆசைப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய் ஜோக்ஸ் படிக்கலாம்.

போகாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் வீட்டுத் தலைவலிகளில் பாதி, வரி வரியாகக் குவிந்து கிடக்கும் எழுத்தாலும் எண்ணாலும் வருவதுதான். மொய் நோட்டு, பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் லிஸ்ட், பால் கணக்கு, அப்பாவின் சுகர் ரீடிங்... ஒவ்வொன்றிலும் ஒரே வேலையை நூறு தடவை செய்ய வேண்டியிருக்கும். ஐம்பதாவது தடவை கை வலிக்கும், எண்பதாவது தடவை கண் ஏமாற்றும். அந்த இடத்தில்தான் ஈமாக்ஸ் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறது.

வயசான சாஃப்ட்வேர்தான். 1976-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் பிறந்தது. அங்கே டீகோ என்று ஓர் எடிட்டர் இருந்தது. அதில் வேலையைச் சுலபமாக்க ஆளாளுக்குக் குறுக்கு வழிகள் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு மேக்ரோ என்று பெயர். ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் போன்றவர்கள் அந்தக் கதம்பத்தை ஒரே சரமாகக் கட்டினார்கள். 'எடிட்டர் மேக்ரோஸ்' சுருங்கி ஈமாக்ஸ் ஆயிற்று. பிறகு ஸ்டால்மன் புதிதாக எழுதி, 1985-ல் க்னூ ஈமாக்ஸ் என்று ஊருக்கே பொதுவாக விட்டார். நான் உபயோகிப்பது அந்த வம்சம்தான்.

மற்ற சாஃப்ட்வேர் எல்லாம் வாடகை வீடு மாதிரி. ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டும். ஈமாக்ஸ் சொந்த மனை. சுவரை இடிக்கலாம், சமையலறையைத் தூக்கி மொட்டை மாடியில் வைக்கலாம். கீ-போர்டில் 'ஏ' தட்டினால் ஏ விழுகிறது இல்லையா? அதுகூட இங்கே ஒரு கட்டளை. 'தட்டின எழுத்தைப் போடு' என்று அதற்கு அர்த்தம். வேண்டுமானால் ஏ தட்டும்போதெல்லாம் இன்றைய தேதி விழும்படி மாற்றிவிடலாம். (யாரும் மாற்றுவதில்லை. மாற்றலாம் என்பதிலேயே ஒரு சுகம்!) இதற்கெல்லாம் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாலு வரி எழுதத் தெரிய வேண்டும். மார்கழிக் கோலத்தில் புள்ளி மாதிரி அதில் அடைப்புக்குறிகள் இறைந்து கிடக்கும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் உள்ளே போய்விட்டு, வெளியே வர வழி தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. கன்ட்ரோல் கீயை ஓயாமல் அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் வலி வந்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அந்த வலிக்கு 'ஈமாக்ஸ் சுண்டுவிரல்' என்றே பெயர். மனசு சரியில்லை என்றால் உள்ளேயே ஒரு 'டாக்டர்' இருக்கிறார். நாம் சொன்னதையே திருப்பி நம்மிடம் கேள்வியாகக் கேட்பார். கிட்டத்தட்ட என் மாமனார் மாதிரி.

தங்கை கல்யாண போட்டோக்களை ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில் கொடுத்தபோது 1,800 படம். எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் நம்பர். எது முகூர்த்தம், எது பந்தி? ஈமாக்ஸில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் பெயர்கள் ஒரு லிஸ்டாக வரும். அந்த லிஸ்டையே கட்டுரையைத் திருத்துவது போலத் திருத்தி சேவ் பண்ணினால், ஃபைல்களின் பெயரே மாறிவிடும். காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

ராகுகாலம் கொஞ்சம் பெரிய கதை. தங்கை கல்யாணமாகி லண்டன் போனாள். அங்கே புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். அம்மா இங்கிருந்து தினசரி காலண்டரைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு ஆகாதுடி" என்றாள். தங்கை, "இங்க ஜூன்ல ராத்திரி ஒம்பதே கால் வரைக்கும் வெயில் அடிக்குதும்மா. ஆறு மணின்னா எனக்கு மத்தியானம் மாதிரி இருக்கு" என்றாள். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

தினசரி காலண்டரில் போடும் ராகுகாலம், காலை ஆறு மணிக்கு சூரியன் உதித்து மாலை ஆறு மணிக்கு மறைவதாக வைத்துப் போட்ட கணக்கு. அசல் கணக்கில், உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள நேரத்தை எட்டாகப் பிரித்து, திங்கள் என்றால் இரண்டாவது பாகம், ஞாயிறு என்றால் கடைசி பாகம் என்று எடுக்க வேண்டும். ஈமாக்ஸுக்குள் ஒரு காலண்டர் இருக்கிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் எந்தத் தேதிக்கும் உதயமும் அஸ்தமனமும் சொல்லும். அதை எட்டால் வகுக்கப் பத்து வரி லிஸ்ப் எழுதினேன். லண்டனில் ஜூன் கடைசியில் ஒரு பாகமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வெள்ளைக்காரன் ஊரில் ராகுவுக்கும் ஓவர்டைம்! ஞாயிறு ராகுகாலம் ராத்திரி ஏழே காலுக்கு ஆரம்பித்து ஒன்பதே கால் தாண்டி முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் காய்ச்சினாள்.

அந்தக் காலண்டர் அமாவாசை, பௌர்ணமி நேரம்கூடச் சொல்லும். ஹீப்ரு, சீனம், பாரசீகம், மாயன் காலண்டர் எல்லாம் வைத்திருக்கிறது. நம்ம சித்திரை, வைகாசி மட்டும் இல்லை. யாராவது இளவட்டங்கள் எழுதிச் சேர்த்தால் புண்ணியமாகப் போகும். தமிழே தெரியாத பிரகிருதி என்று நினைத்துவிடாதீர்கள். ஈமாக்ஸில் 'ஹலோ' என்று ஒரு பக்கம் உண்டு. உலக மொழிகள் வரிசையாக நின்று கும்பிடு போடும் அந்தப் பக்கத்தில் 'வணக்கம்' என்று தமிழும் நிற்கிறது.

சரி, லாரிக்கு வருவோம்.

2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நாலும் ஜூன் மாதம் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணி வந்த வருஷம். எங்கள் ஃப்ளாட்ஸில் 24 வீடு. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் தனியார் லாரி. ஒரு லோடு 3,500 ரூபாய்.

ஜூலை முதல் வாரம் கமிட்டி மீட்டிங். செயலாளர் ஒரு பில்லை உயர்த்திக் காட்டினார். "91 லோடுக்கு பில் வந்திருக்கு ஸார். வாட்ச்மேன் தாத்தா நோட்டுல 79-தான் இருக்கு. பாக்கி 12 எங்க போச்சு? பக்கத்து காம்பவுண்டுக்குத் திருப்பி விட்டுட்டு காசு வாங்கியிருக்கார்!"

பன்னிரண்டு லோடு என்றால் 42,000 ரூபாய். தாத்தாவுக்கு சம்பளம் 9,000. ரெண்டு மாச சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணாந் தேதியோடு அனுப்பிவிடலாம் என்று பேச்சு ஓடியது.

லாரிக்காரர் கூட்டி எழுதியிருக்கலாமே என்றேன். "அவரைப் பகைச்சுக்கிட்டா நாளைக்குக் குளிக்க வேண்டாமா ஸார்?" என்றார்கள். ரொம்ப நியாயம். வாட்ச்மேன் வேறு ஆள் கிடைப்பார், லாரிதான் கிடைக்காது!

தாத்தா தோளில் துண்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வந்த வண்டியத்தானுங்க எழுத முடியும்? வராத வண்டிய எப்படிங்க எழுதறது?"

"நோட்டுல யார் வேணா என்ன வேணா எழுதலாம்" என்றார் செயலாளர்.

எனக்கு ஒரு விஷயம் தட்டியது. லாரி வந்தால் நம்பர் பிளேட்டோடு போட்டோ எடுத்து, உடனே வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்று ஏப்ரலில் உத்தரவு போட்டவர் இதே செயலாளர்தான். பேரன் கொடுத்த பழைய போனில் தாத்தா ஒழுங்காகப் போட்டு வந்தார். யாரும் பார்த்ததில்லை, குட்மார்னிங் ரோஜாக்கள் மூடிவிட்டிருந்தன. நோட்டில் அப்புறமாக எழுதிச் சேர்க்கலாம். குரூப்பில் நேரம் தானாக விழுகிறது, முந்தின தேதி போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரை டயம் கேட்டு வாங்கினேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பின் மொத்தப் பேச்சையும் எக்ஸ்போர்ட் செய்யலாம். சாதாரண எழுத்து ஃபைலாக வரும். எங்கள் குரூப் 14,000 வரிக்கு மேல் இருந்தது. லிஃப்டில் வெற்றிலை எச்சில் துப்பியது யார் என்பதற்கு மட்டும் முந்நூறு வரி இருக்கும்.

ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, ஈமாக்ஸில் திறந்தேன். 'கீப் லைன்ஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. ஓர் அடையாளம் கொடுத்தால், அது உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிடும். தாத்தாவின் பெயரோடு படம் வந்த வரிகளை மட்டும் கேட்டேன். ஒரு விநாடியில் ரோஜாக்கள் உதிர்ந்தன, எச்சில் காய்ந்தது. 77 வரி மிச்சம்.

போனில் அந்தப் படங்களைப் பார்த்தேன். மூன்று படம் லாரி இல்லை. (ஒன்றில் தண்ணித் தொட்டி மேல் குரங்கு.) பாக்கி 74. நோட்டில் 79 ஆயிற்றே, ஐந்து உதைக்கிறதே! மே 20 முதல் 24 வரை ஒரு படமும் இல்லை. நோட்டைப் புரட்டினால் அந்த ஐந்து நாளும் வேறு கையெழுத்து. தாத்தா குலதெய்வம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த சமயம். மூல ஃபைலில் அந்தத் தேதிகளைத் தேடினேன். கிடைத்தது பாருங்கள்... ஐந்து லாரிக்கும் ஐந்து படம். போட்டவர் சாட்சாத் நம் செயலாளர்! ஒவ்வொரு படத்துக்கும் கீழே, 'கேட்டில் நானே நிற்கிறேன்' என்று ஒரு வரி. அதற்குப் பத்துப் பதினைந்து கைதட்டல்.

ஆக 79. தாத்தா நோட்டு இம்மி பிசகவில்லை.

ஆனால் வரிகள் எல்லாம் தேதி, நேரம், பெயர் என்று நீளமாக இருந்தன. எனக்குத் தேதி மட்டும் போதும். இங்கேதான் ஈமாக்ஸின் ஆதி வித்தை. எஃப் 3 தட்டினால், 'நான் செய்வதைப் பார்த்துக்கோ' என்று அர்த்தம். முதல் வரியில் தேதியை விட்டு மற்றதை வெட்டினேன், அடுத்த வரிக்கு இறங்கினேன். எஃப் 4 தட்டினால், 'பார்த்தாயிற்றா, போதும்.' மறுபடி எஃப் 4 தட்டினால் அதே வேலையை அதுவே செய்யும். முன்னால் ஒரு பூஜ்யம் கொடுத்துத் தட்டினால் வரிகள் தீரும்வரை நிற்காது. ப்ரோக்ராம் எழுத வேண்டாம், நம் கை செய்ததை அது திருப்பிச் செய்கிறது, அவ்வளவுதான்.

"இதெல்லாம் எக்ஸெல்ல முடியாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கட்டம் கட்டமாக இருக்கிற சமாச்சாரத்துக்கு எக்ஸெல்தான் ராஜா. ஆனால் 24 குடும்பம் சண்டை போட்ட பேச்சு கட்டத்துக்குள்ளா வரும்? அதை முதலில் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி நறுக்கித் தர ஒரு ஆள் வேண்டுமே!

லாரிக்காரர் பில்லில் இருந்த 91 தேதிகளை மூன்றாவது மாடி மாமியின் பெண் வாசிக்க வாசிக்க, இன்னொரு ஃபைலில் அடித்தேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் 'ஈடிஃப்' என்ற பகுதியை ஓட்டினேன். வித்தியாசம் உள்ள இடமெல்லாம் கலர் அடித்தது. பத்து இடம். கூட்டினால் 12 லாரி.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டு டி.வி.யிலேயே லேப்டாப்பை இணைத்துக் காட்டினேன். ஒவ்வொரு கலராகத் தாண்டி வந்தோம். மே 20 வந்ததும் அறை அமைதியானது. அந்த ஐந்து நாளுக்கு பில்லில் ஒன்பது லாரி. குரூப்பில் ஐந்து.

செயலாளர் எழுந்துவிட்டார். "அப்ப நாலு லாரிய நான் வித்துட்டேங்கறீங்களா?"

"நான் சொல்லலை ஸார். பில் சொல்லுது."

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செயலாளர் டி.வி.யைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், வாசலில் நின்றிருந்த தாத்தாவை மட்டும் பார்க்கவில்லை. அங்கிருந்தே லாரிக்காரருக்குப் போன் போட்டார். "பையன் தப்பா எழுதிட்டான் ஸார்" என்று அந்தப் பக்கம் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஜூலை பில்லில் 12 லோடு கழிந்தது. தாத்தா வேலையில் நீடித்தார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு மேலே வந்தார். "கம்ப்யூட்டர்லயும் 79-தான் வந்துச்சுங்களா?"

"அதேதான் பெரியவரே."

"அதை ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுங்க ஸார்."

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

மறுநாள் லிஃப்டில் செயலாளர் மாட்டினார். "அந்த சாஃப்ட்வேர் என்ன விலை ஸார்? அசோசியேஷனுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்."

"ஓசிதான் ஸார். டவுன்லோட் பண்ணிக்கலாம்."

முகம் சுருங்கியது. "ஓசியா? அப்ப வேணாம் ஸார். கணக்கு விஷயத்துல ரிஸ்க் எடுக்கக் கூடாது."